நாலு எண்ணும் வரை

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறைக்கு மூன்றே படி. அந்த மூன்று படி இறங்குவதற்குள் இடிக்கு மூச்சு வாங்கியது. தோளில் கிடந்த அங்கி ஏழு கிலோ.

"என்னடி அது, மழைக்கோட்டா?" என்றான் அண்ணன். கிடாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தான்.

"எக்ஸ்ரே ரூம்ல போட்டுக்கிற அங்கி. உள்ள ஈயம். விரிசல் விட்டுடுச்சுன்னு கழிச்சுட்டாங்க. கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"இங்க யாருக்கு எக்ஸ்ரே?"

"ட்ரம்ஸுக்கு."

அண்ணன் சிரிக்கவில்லை. அவன் ஸ்டூலுக்குக் கீழே ஒரு கறுப்புப் பை இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று இடிக்குத் தெரியும். ரிதம் மெஷின். பட்டனை அமுக்கினால் தாளம் போடும். குறைத்தால் குறையும், கூட்டினால் கூடும். கோபித்துக்கொள்ளாது.

அவளுக்குச் சான்றிதழில் வேறு பெயர். பிறந்ததும் போட்ட சத்தத்தில் அம்மா வைத்தது இடி. இப்போது முப்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். அங்கே மேடம். மற்ற எல்லா இடத்திலும் இடிதான்.

அண்ணன் பூட்டு ரிப்பேர் செய்பவன். அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இங்கே பேஸ் கிடார். பாடுகிறவர் தபால்காரர், எல்லோருக்கும் தபால். பாட்டெல்லாம் அவர் சைக்கிளில் போகும்போது கட்டியது. நாலு பேரும் ஆறு வருடமாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். இடம் கொடுத்தது இந்த ஒரு கடைதான்.

பகலில் இங்கே கண் பரிசோதனை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மாலை ஏழு மணிக்குப் பாட்டு. நாற்பது நாற்காலி. முதல் வரிசையில் இருப்பவர் காலை நீட்டினால் தபாலின் கால் தடுக்கும். சுவரில் எழுத்துப் பலகையை யாரும் கழற்றவில்லை. மேலே பெரிய எழுத்து, கீழே வரவரக் கடுகு.

பலகைக்கு எதிர்ச்சுவரில், கதவுக்கு மேலே, அந்தப் பெட்டி. மூன்று மாதத்துக்கு முன்னால் மாடி வீட்டுக்காரர்கள் புகார் எழுதிப் போட்டார்கள். நகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனார். மூன்று விளக்கு. சத்தம் அளவாக இருந்தால் பச்சை. ஏறினால் மஞ்சள். இன்னும் ஏறினால் சிவப்பு. சிவப்பு ஐந்து செகண்ட் எரிந்தால் பெட்டியே கரண்டைத் துண்டித்துவிடும். கிடார், மைக், விளக்கு எல்லாம் ஒரே அடியில் போகும். கடைக்காரர் சாவி போட்டுத் திறந்து மறுபடி உயிர் கொடுக்கப் பத்து நிமிஷம் ஆகும்.

போன மாதம் ஒரே நிகழ்ச்சியில் மூன்று தடவை போனது. மூன்று தடவையும் இடியால். மூன்றாவது தடவை விளக்கு திரும்ப வந்தபோது பாதி நாற்காலி காலி.

அன்றைக்கு வண்டியில் சாமான் ஏற்றும்போது அண்ணன் சொன்னான்: "இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பேன். கரண்ட் போச்சு, நீ இறங்கிடு. நான் மெஷினை வெச்சுப் பாத்துக்கறேன்."

"நான் உன் தங்கச்சிடா."

"அதனாலதான் ஒரு தடவை. வேற யாராவது இருந்தா அதுவும் இல்ல."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இடிக்கு ஆத்திரம். தப்பிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

நாள் முழுக்க அவள் பேசுவது இரண்டு வார்த்தை. அசையாதீங்க. மூச்சை நிறுத்துங்க. சொல்லிவிட்டுத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது பேர். பதினோரு வருடம். அவள் அசைவது ட்ரம்ஸ் முன்னால் உட்காரும்போது மட்டும்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இப்போது பெரிய ட்ரம்மின் முகத்தில் அங்கியைப் போர்த்தினாள். கை வைத்த பகுதியை முன்பே வெட்டி எடுத்து வைத்திருந்தாள். அது சின்ன ட்ரம்முக்கு. மிதியை ஒரு தடவை மிதித்துப் பார்த்தாள். தலையணையைக் குத்தியது போலக் கேட்டது.

தபால் குனிந்து பார்த்தார். "ஏம்மா, இது ட்ரம்ஸா, ஜன்னி கண்ட ஆளா? இப்படிப் போத்தி வெச்சிருக்கே."

"நீங்க பாடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"வார்டுக்கு மாத்துறதா இருந்தா சொல்லு. ஒரு கை புடிக்கிறேன்."

ஏழடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

கடைக்காரர் வாசலில் கூடையோடு நின்றார். அறுபது வயது. ஒல்லி. யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பார். கூடையில் வில்லை இல்லாத பழைய பிரேம்கள். பெட்டி வந்த பிறகு அவர் கொண்டு வந்த ஏற்பாடு இது. கைதட்டினால் பெட்டி சிவப்புக்குப் போகிறது. அதனால் பாட்டு பிடித்திருந்தால் மூக்கில் இருக்கிற கண்ணாடியைக் கழற்றி ஆட்ட வேண்டும். கண்ணாடி போடாதவர்கள் கூடையிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

அம்மா இன்றுதான் முதல் தடவையாக வருகிறாள். இடி ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு, வேண்டாம்ப்பா" என்றாள் அம்மா. மெதுவாகப் பேசுவது அம்மாவுக்குப் பழக்கமில்லை. அறை முழுக்கக் கேட்டது.

"பாக்கறதுக்கு இல்லம்மா. கைதட்டுறதுக்குப் பதிலா."

"கையிருக்க எதுக்குக் கண்ணாடி?"

கடைக்காரர் பெட்டியைக் காட்டி விளக்கினார். அம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு கூடையைக் கிளறி, கிளறி, சிவப்புப் பிரேம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். இரண்டாவது வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்: "அந்த ஓரத்துல இருக்கா பாருங்க, போர்வைக்குப் பின்னால. என் பொண்ணு."

நாற்பது நாற்காலியும் நிறைந்தன. பின்சுவரில் சாய்ந்து நாலைந்து பேர் நின்றார்கள். யாரோ செண்ட் போட்டிருந்தார்கள். யாரோ நனைந்த சட்டையோடு வந்திருந்தார்கள். அறை சூடாகத் தொடங்கியது. முன்வரிசையில் ஒருவர் இன்னும் எதுவுமே ஆரம்பிக்காதபோதே தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இடிக்கு உள்ளங்கை வியர்த்தது. பயம் பாதி. மீதி வேறு. இந்த நேரத்துக்காகத்தான் பதினைந்து நாளும்.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். அவள் குச்சியைத் தட்டி எண்ணினாள். ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு.

முதல் பாட்டு கதவு எண் இல்லாத ஒரு வீட்டைப் பற்றியது. தபால் அழகாகத்தான் எடுத்தார். பெட்டி பச்சையில் நின்றது. அசையவே இல்லை. இடிக்குச் சந்தோஷம். இரண்டாவது அடி வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம்.

தபால் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். அண்ணன் பின்னால் வந்துகொண்டிருந்தான். அண்ணி நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தெருவைக் கடக்கத் தெரியாமல் நிற்பவள் மாதிரி. இடி அடித்துக்கொண்டுதான் இருந்தாள். அடி யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஈயம் அத்தனையையும் விழுங்கிவிட்டது. எக்ஸ்ரேயையே விடாத ஈயம், தாளத்தை விடுமா?

தபால் பாட்டை முடித்துவிட்டு நின்றார். அண்ணன் இன்னும் இரண்டு வரி வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்தான். தனியாக.

நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மரியாதைக்குக் கண்ணாடியைக் கழற்றி ஆட்டினார்கள்.

"அவ அடிக்கிறாளா, இல்ல சும்மா உக்காந்திருக்காளா?" என்று கேட்டாள் அம்மா.

அறை சிரித்தது. பெட்டி மஞ்சளுக்குப் போய் வந்தது. அன்றைய முதல் மஞ்சள் அம்மாவின் கணக்கில்.

அண்ணி பேஸ் கிடாரைத் தோளில் தொங்கவிட்டபடியே வந்தாள். "எடு அதை."

"வேண்டாம்" என்றான் அண்ணன், உதடு அசையாமல். "பச்சையிலேயே இருக்கு. அது போதும்."

"பச்சையில இருக்கு சரி. பாட்டு எங்க இருக்கு?"

"கொஞ்சம் கூர்ந்து காது கொடுத்தா..."

"கூர்ந்து காது கொடுக்கிறதா? முப்பது பிள்ளைங்க நடுவுல நாள் பூரா அதைத்தான் செய்யறேன். இங்கயும் செய்யணுமா?" அண்ணி குனிந்து அங்கியின் ஒரு முனையைப் பிடித்தாள். "இடி, அந்தப் பக்கம் புடி."

இருவருமாக இழுத்தார்கள். அங்கி தொப்பென்று தரையில் விழுந்தது. சின்ன ட்ரம்மில் கிடந்த துண்டையும் இடி உருவிப் போட்டாள். பெரிய ட்ரம்மின் முகம் வெளியே வந்தது. முன்வரிசைக்காரர் அதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றி ஆட்டினார்.

இரண்டாவது பாட்டு சேர்ந்து நின்றது. மூன்றாவதும் நின்றது. நின்றது, அவ்வளவுதான். இடி பெட்டியைப் பார்த்தபடியே அடித்தாள். மஞ்சள் எட்டிப் பார்த்தால் கையை இழுத்துக்கொண்டாள். பச்சை வந்தால் கொஞ்சம் விட்டாள். பிறகு மறுபடி இழுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கும்போது பாத்திரம் துலக்குவது போன்ற வேலை. ஒரு தப்பும் இல்லை. ஒரு ருசியும் இல்லை. கண்ணாடிகள் ஆடின. ஆட்டியவர்கள் உடனே மாட்டிக்கொண்டார்கள்.

இடைவேளை.

அண்ணன் அவள் பக்கம் வந்தான். "இப்படியே போ. இன்னும் ரெண்டு பாட்டு. தப்பிச்சுட்டே."

தப்பிச்சுட்டே. அந்த வார்த்தை பிடிக்கவில்லை. அவள் எழுந்து போய்க் கூடைக்குப் பக்கத்தில் நின்ற கடைக்காரரிடம் கேட்டாள்.

"சார், சிவப்பு அஞ்சு செகண்ட் எரிஞ்சா கட். சரி. நாலு செகண்ட் எரிஞ்சு நின்னுட்டா?"

"ஒன்னும் ஆகாது."

"மறுபடி சிவப்பு வந்தா? அந்த நாலும் சேருமா?"

கடைக்காரர் யோசித்தார். எதையும் யோசிக்காமல் சொல்லமாட்டார். "நடுவுல பச்சை வந்துட்டாச் சேராது. மறுபடி ஒன்னுலேருந்துதான். மாட்டின ஆள் வாளியைத் தட்டிக் காமிச்சாரு. ஏன் கேக்கறீங்க?"

"சும்மா."

அவர் அவள் கண்ணைப் பார்த்தார். "சும்மா கேக்கற கண்ணு இப்படி இருக்காது."

நாலு செகண்ட். மார்பு எக்ஸ்ரேக்கு மூச்சை நிறுத்தச் சொன்னதிலிருந்து விடச் சொல்வது வரை அவள் எடுத்துக்கொள்ளும் நேரம் அது. கடிகாரம் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு அறுபது தடவை, பதினோரு வருடம். நாலு எங்கே முடிகிறது என்று அவள் எலும்புக்குத் தெரியும்.

திரும்பி வந்து மூன்று பேரையும் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"கடைசிப் பாட்டு நாய்ப் பாட்டுதானே? நான் முழுசா அடிக்கப் போறேன்."

"இறங்கப் போறேன்னு சொல்லு" என்றான் அண்ணன்.

"நாலு செகண்ட் முழுசா. அப்புறம் குச்சியைத் தூக்குவேன். தூக்கினதும் எல்லாரும் நிறுத்தணும். ஒரு கம்பி கூட அதிரக் கூடாது. பச்சை வந்ததும் மறுபடி."

"பாட்டு நடுவுல நிறுத்துறதா? உனக்கு என்ன கிறுக்கா?"

அண்ணி விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் பாட்டோட வேகத்துக்கு ஒரு செகண்டுக்கு ரெண்டு அடி. நாலு செகண்ட்னா எட்டு அடி. வரியோட முடியுது." நிமிர்ந்து பார்த்தாள். "சரியா வரியோட முடியுதுங்க."

தபாலுக்குக் கண் விரிந்தது. அது அவரைத் துரத்திய நாயைப் பற்றிய பாட்டு. "நாயும் அப்படித்தாம்மா. ஓடி வரும், நிக்கும். நாம நின்னா அதுவும் நிக்கும். நாம ஓடினா ஓடி வரும். இத்தனை நாளா நாம அதை நிக்கவே விடாமப் பாடிட்டு இருந்திருக்கோம்."

"போன தடவை மாதிரி ஆச்சுன்னா?" அண்ணன் கறுப்புப் பையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது தெரிந்தது. "நான் சொன்னது சொன்னதுதான். தங்கச்சின்னு பாக்க மாட்டேன்."

"பாக்க வேண்டாம்."

நாலாவது பாட்டு மெதுவான பாட்டு. அது எப்படிப் போனது என்று இடியைக் கேட்டால் தெரியாது. அவள் கடைசிப் பாட்டில் இருந்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். பெரிய சிம்பலை, அந்தப் பித்தளைத் தட்டை, இடது கைக்கு எட்டும்படி இறக்கி வைத்தாள். அடித்த கையோடு அதைப் பிடித்து அமுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அது பாட்டுக்குப் பத்து செகண்ட் அதிரும்.

நாய்ப் பாட்டு. தபால் முதல் இரண்டு வரியைத் தாழ்ந்த குரலில் பாடினார். தெரு. மதியம். காலியான வாசல்கள். மூடாத ஒரு கேட்.

இடி அடித்தாள்.

பதினைந்து நாளாக அடக்கி வைத்திருந்த அடி. தரை அதிர்ந்தது. முன்வரிசைக்காரரின் முதுகு நாற்காலியில் போய் மோதியது. எழுத்துப் பலகை சுவரில் தடதடத்தது. பெட்டி பச்சையையும் மஞ்சளையும் தாண்டி நேராகச் சிவப்புக்குப் போனது.

ஒன்னு. அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. ரெண்டு. அண்ணன் முகம் வெளிறியது தெரிந்தது. மூணு. தபால் ஓட ஆரம்பித்துவிட்டார், நின்ற இடத்திலேயே. நாலு.

இடது கையால் சிம்பலைப் பிடித்தாள். வலது குச்சி மேலே போனது.

அண்ணி நிறுத்தினாள். தபால் நிறுத்தினார். அண்ணனின் ஒரு கம்பி மட்டும் நின்றது போதாமல் ஊங்கென்று இழுத்தது. நம்பாதவன் கம்பி. அவன் உள்ளங்கையால் அறைந்து அதை அமுக்கினான்.

சிவப்பு எரிந்தது. எரிந்தது. மஞ்சள். பச்சை.

அறையில் ஒருவர் மூச்சு விடும் சத்தம் இல்லை. அவள் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. தானாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த அமைதிக்குள் தபால் ரகசியம் போலப் பாடினார்: "நின்னுட்டான். பாக்கறான்."

குச்சி இறங்கியது. மறுபடி எட்டு அடி. மறுபடி சிவப்பு. அண்ணன் இந்தத் தடவை அவள் கையையே பார்த்தான். குச்சி தூக்கியதும் ஆணியடித்தாற்போல் நின்றான். பச்சை.

"இன்னும் பாக்கறான்" என்றார் தபால்.

யாரோ கிளுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பின்னால் நின்றவர்களில் ஒருத்தி அண்ணாந்து பார்த்துப் பெட்டியில் விளக்கு மாறுவதைக் கவனித்தாள். பக்கத்தில் இருந்தவனை இடித்துக் காட்டினாள். அவன் முன்னால் இருந்தவரைத் தட்டினான். மூன்றாவது தடவை சிவப்பு வந்தபோது பாதி அறை பின்னால் திரும்பியிருந்தது. மீதிப் பாதி இடியைப் பார்த்தது. விரல்கள் எழும்பின. ஒரு விரல். இரண்டு. மூன்று. நாலு. குச்சி மேலே போனபோது அத்தனை கையும் முஷ்டியாக மூடிக்கொண்டது.

பச்சை.

இப்போது அவளுக்கு எண்ண வேண்டியிருக்கவில்லை. அறையே எண்ணியது. கை தானாகப் போனது. தோள், முழங்கை, மணிக்கட்டு, கால் எல்லாம் ஒன்றாகப் போய் ஒன்றாக நின்றன. நிற்கும்போது கூட உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க நேரமில்லை. துடைக்கத் தோன்றவும் இல்லை. தபால் அடுத்த வரிக்குள் குதித்தார். அண்ணி குதிகாலால் தரையைத் தட்டினாள். ஆறு வருடத்தில் அண்ணி அசைந்து யாரும் பார்த்ததில்லை.

நாலாவது தடவை, ஐந்தாவது தடவை. கடைசி அடியில் நாயும் தபால்காரரும் ஒரே நேரத்தில் கேட்டைத் தாண்டினார்கள். இடி சிம்பலைப் பிடித்தாள். பாட்டு முடிந்தது.

நாற்பது பேரும் கண்ணாடியை மறந்தார்கள்.

கைதட்டல் வெடித்தது. ஓர் ஆள் விசிலடித்தான். நாற்காலிகள் பின்னால் சாய்ந்தன. அம்மா எழுந்து நின்று, சிவப்புப் பிரேம் மூக்கு நுனியில் தொங்க, தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினாள். தட்டியபடியே கத்தினாள்: "என் பொண்ணு! அது என் பொண்ணு!"

பெட்டி சிவப்பு.

ஒன்னு. கடைக்காரர் இரண்டு கையையும் விரித்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, கேட்கவில்லை. ரெண்டு. அண்ணன் இடியைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஐயோ என்றிருந்தது. மூணு. அடித்ததால் அல்ல, அடித்ததற்கு வந்த பாராட்டில் கரண்ட் போகப் போகிறது. போனால் போனதுதான். அண்ணன் வாக்கு மாறமாட்டான். அவளும் கேட்கமாட்டாள்.

இடி நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்து நின்றாள். இரண்டு குச்சியையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

நாலு.

நின்றது. அத்தனை கையும் வந்த இடத்தில் அப்படியே நின்றது. ஐந்து தடவை பழகிய கைகள். விசிலடித்தவன் வாய் குவிந்தபடி நின்றான். அம்மா மட்டும் ஒரே ஒரு தட்டு அதிகமாகத் தட்டிவிட்டு, சுற்றிப் பார்த்து, கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

சிவப்பு. சிவப்பு. மஞ்சள்.

பச்சை.

இடி குச்சியை இறக்கினாள். அறை மறுபடி வெடித்தது. நாலு எண்ணித் தூக்கினாள். நின்றது. இறக்கினாள். வெடித்தது. இப்போது அவர்களுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. தட்டினார்கள், நிறுத்தினார்கள், நிறுத்தும்போது தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார்கள். அம்மா மூன்றாவது தடவையில் சரியாக நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பெருமையாகப் பார்த்தாள். கடைக்காரர் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.

நாலு தடவை. போதும் என்று இடி குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டாள். அப்புறம்தான் ஒவ்வொருவராகக் கண்ணாடியைக் கழற்றினார்கள். நாற்பது பிரேம் காற்றில் ஆடியது.

அண்ணன் கிட்டே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சிவப்பு வந்துச்சு" என்றான்.

"வந்துச்சு. கரண்ட் போச்சா?"

"ஒம்பது தடவை வந்துச்சுடி. ஒம்பது தடவையும் எனக்கு உயிர் போய் வந்துச்சு."

"கரண்ட் போச்சான்னு கேட்டேன்."

"போகலைங்க" என்றாள் அண்ணி. "நீங்க சொன்ன வார்த்தை கரண்ட். சிவப்பு இல்ல. நானும் வண்டிப் பக்கத்துலதான் நின்னேன்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். இடியைப் பார்த்தான். பூட்டு திறக்காதபோது பார்க்கிற பார்வை. பிறகு மூக்கால் ஒரு மூச்சு விட்டான்.

"மெஷினைத் திங்கக்கிழமை திருப்பிக் கொடுத்துடறேன்."

"நாளைக்கே கொடு" என்றாள் இடி. குச்சியைக் கக்கத்திலிருந்து உருவிக்கொண்டாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைடி. கடை இருக்காது."

முன்வரிசைக்காரர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் ஒன்று. பின்னால் இருந்தவர்களும் தூக்கினார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. விரல்கள் மட்டும்.

தபால் தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். "என்ன பாட்டு? இருந்ததெல்லாம் பாடியாச்சே."

"ரயில் பாட்டு" என்றான் அண்ணன்.

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். ரயில் பாட்டு அவர்களிடம் இருப்பதிலேயே சத்தமான பாட்டு. பெட்டி வந்த நாளிலிருந்து அவன் அதை வீட்டில் கூட வாசிக்க விட்டதில்லை.

"அதுல நிறுத்தவே இடமில்லையே" என்றாள் அண்ணி. "முழுக்க ஓட்டம்."

"வழியில ஸ்டேஷன் வரும்ல? அங்கங்க நிறுத்துவா." அண்ணன் இடியிடம் திரும்பினான். "எங்கெங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. வர்றப்ப தெரியும்."

"அப்ப நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"என்னைப் பாரு."

அண்ணன் ஸ்டூலைத் தூக்கினான். கேட்பவர்களைப் பார்த்திருந்ததைத் திருப்பி, ட்ரம்ஸைப் பார்க்கப் போட்டான். இப்போது பெட்டி அவன் முதுகுக்குப் பின்னால். உட்கார்ந்து கிடாரை மடியில் சரி செய்துகொண்டான்.

"எண்ணு" என்றான்.